நான்கு படகு, மீதி மூன்று பேர்

அரையாண்டுத் தேர்வில் ஐந்தாம் வகுப்பு மனிஷா ஒரு கணக்குக்கு ஐந்து என்று விடை எழுதினாள். சுசீலா டீச்சர் அதற்குச் சிவப்பு மையில் ஒரு சரி போட்டாள். நடந்தது இவ்வளவுதான். இதற்காக ஊட்டியில் ஒரு கோப்பு திறக்கப்படும் என்று இருவருக்குமே தெரிந்திருக்க நியாயமில்லை.

சுசீலாவுக்குச் சொந்த ஊர் அவிநாசி. பதினோரு வருடங்களாக நடுவட்டத்தில் வேலை. பஸ் நிற்கும் இடத்திலிருந்து தேயிலைக்குள் மூன்று கிலோமீட்டர் இறங்கினால் வரும் தொடக்கப் பள்ளியில் முப்பத்தோரு பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். இன்னொருவர் தலைமையாசிரியர் பரமசிவன். சுசீலாவின் கணவரும் ஆறாவது படிக்கும் மகனும் அவிநாசியில் இருந்தார்கள். சனிக்கிழமை காலை மலை இறங்கி, ஞாயிறு மதியம் சாப்பிட்ட கையோடு மறுபடி மலை ஏறுவது அவள் வாழ்க்கை. வருகிற மே மாத இடமாறுதல் கலந்தாய்வில் அவளுக்கு நிச்சயம் கீழே இடம் கிடைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரே ஒரு நிபந்தனை, அவள் பெயரில் எந்தக் கோப்பும் திறந்திருக்கக் கூடாது.

தேர்வில் வந்த கேள்வி இதுதான்: பைக்காரா ஏரியில் படகு சவாரி செய்ய 35 மாணவர்கள் வந்தனர். ஒரு படகில் 8 பேர் அமரலாம். எனில், எத்தனை படகுகள் தேவை?

இந்த மாதிரிக் கணக்குகளைச் சுசீலா ஆசையாகச் சொல்லித் தருவாள். முப்பத்தைந்து செண்டிமீட்டர் ரிப்பனில் எட்டு செண்டிமீட்டர் துண்டு எத்தனை வரும் என்று கேட்டால் நான்கு. மிஞ்சிய மூன்று செண்டிமீட்டர் யார் சடைக்கும் ஆகாது, விட்டுவிடலாம். முப்பத்தைந்து பேரிக்காயை எட்டுப் பேருக்குச் சமமாகக் கொடுத்தபின் கூடையில் எத்தனை இருக்கும் என்று கேட்டால், அங்கே மீதியே விடை. ஆனால் ஆட்களை வண்டியில் ஏற்றுகிற கணக்கு என்றால் மீதியை விடவும் முடியாது, கூடையில் போடவும் முடியாது. ஒரு வண்டி கூட்டிக்கொள்ள வேண்டும். மீதியை என்ன செய்வது என்று வகுத்தல் சொல்லாது, கேள்விதான் சொல்லும் என்பாள். மனிஷா அதைக் கேட்டு நடந்தவள். ஐந்து என்று எழுதியதோடு நிற்காமல், கடைசிப் படகில் மூன்று பேர்தான், கால் நீட்டி உட்காரலாம் என்றும் எழுதியிருந்தாள்.

விடைத்தாள் திருத்துவதோடு வேலை முடிகிற காலம் போய்விட்டது. ஊட்டியில் இரண்டு வருடங்களுக்கு முன் தொடக்கநிலைக் கணிதத் தர உறுதி மையம் என்று ஒன்று வந்திருந்தது. அது வருவதற்கு முன்னால் ஒரு பிள்ளைக்கு வகுத்தல் தெரியுமா என்பது அந்தப் பிள்ளையின் டீச்சருக்குத் தெரிந்திருந்தது. மையம் வந்த பிறகு அது மையத்துக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு பிள்ளை எழுதிய விடையையும் ஆசிரியர்கள் கைபேசிச் செயலியில் ஏற்ற வேண்டும். பள்ளியில் சிக்னல் கிடையாது. அதனால் சுசீலா பஸ் நிறுத்தத்துக் கடையோரம் நின்று, வாய்க்குள் விரலை வைத்துச் சூடு பண்ணிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

மனிஷாவின் ஐந்தைத் தட்டியதும் பெட்டி சிவப்பாக மாறியது. விடைக்குறிப்பில் இருந்தது நான்கு, மீதி மூன்று. விடை வேறுபாட்டுக்குக் காரணத்தைத் தேர்ந்தெடுக்கும்படி செயலி கேட்டது. மாணவர் தவறு, ஆசிரியர் தவறு, இரண்டும் என்று மூன்று பொத்தான்கள் இருந்தன. விடைக்குறிப்புத் தவறு என்று நான்காவது ஒன்று இருக்கிறதா என்று சுசீலா திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். பிறகு கூடலூர் பஸ் வந்து மறைத்தது, சிக்னல் போய்விட்டது. மூன்று நாள் எதையும் தேர்ந்தெடுக்காமல் இருந்தால் செயலியே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரியாது. அது மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தது.

பத்து நாளில் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. சுசீலா நல்ல தாளில், அழகான கையெழுத்தில், நான்கு படகு மட்டும் எடுத்தால் மூன்று குழந்தைகள் கரையில் நின்றுவிடுவார்கள், ஆகவே ஐந்து படகு தேவை என்று பணிவாக எழுதி அனுப்பினாள். பதில் ஒரே வரியில் வந்தது. வினாவில் கரை எதுவும் குறிப்பிடப்படவில்லை என்பதால் தங்கள் விளக்கம் ஏற்புடையதல்ல; நேரில் ஆஜராகவும்.

மையம் வெள்ளைக்காரன் காலத்து பங்களா ஒன்றில் இருந்தது. வாசலில், அமைதி காக்கவும், அளவீடு நடைபெறுகிறது என்று பலகை. உள்ளே கணப்பு அடுப்பில் விறகுக்குப் பதிலாக விடைத்தாள் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். குளிர் தாங்காமல் எல்லோரும் குரங்குக் குல்லாயோடு அளந்துகொண்டிருந்தார்கள். ஒருங்கிணைப்பாளர் ரமேஷ்குமார் நல்ல மனிதர். தேநீர் வரவழைத்தார். டீச்சர் வந்த வழியில் பனி எப்படி என்று விசாரித்தார். பிறகு கோப்பைத் திறந்து, சங்கடமாகச் சிரித்தார்.

சுசீலா தன் பக்கத்தைச் சொல்லிப் பார்த்தாள். கேள்வி எத்தனை படகு தேவை என்றுதானே கேட்கிறது என்றாள். தேவை என்ற சொல்லைத் தன் விரலால் தொட்டும் காட்டினாள். ரமேஷ்குமார் குனிந்து அந்தச் சொல்லைப் படித்தார்.

"டீச்சர், நீங்க சொல்றது சரிங்க. நான் வீட்டுல பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்தாலும் அஞ்சுன்னுதான் சொல்லுவேன். ஆனா விடை சரியா தப்பான்னு பாக்கறது இங்க எங்க வேலை இல்லீங்க. விடை விடைக்குறிப்போட ஒத்துப்போகுதான்னு பாக்கறதுதான் வேலை."

"அப்ப விடைக்குறிப்பு சரியான்னு யாருங்க பாப்பாங்க?"

"விடைக்குறிப்புக்கு விடைக்குறிப்பு கிடையாதுங்களே," என்றார் ரமேஷ்குமார். அதை அவர் வருத்தத்தோடுதான் சொன்னார்.

போகும்போது அவர் ஒரு வழியும் சொல்லித் தந்தார். மதிப்பெண் தவறாக வழங்கப்பட்டது, மாணவியின் விடை பிழையானது என்று ஒரு திருத்தக் கடிதம் கொடுத்துவிட்டால் கோப்பு அன்றைக்கே மூடப்படும். ஒரு மதிப்பெண்தானே என்றார். சுசீலாவும் பஸ்ஸில் வரும்போது ஒரு மதிப்பெண்தானே என்று நினைத்துக்கொண்டாள். பைன் மரங்களுக்கிடையில் பைக்காரா ஏரி தெரிந்தபோது மட்டும் தலையை அந்தப் பக்கம் திருப்பாமல் உட்கார்ந்திருந்தாள்.

கடிதம் எழுதுவதற்குள் மையம் அடுத்த படிக்குப் போய்விட்டது. மனிஷாவுக்கு மீதி உணர்வின்மை, இரண்டாம் நிலை, என்று வகைப்படுத்தி, இரண்டு வாரக் குறைதீர் பயிற்சி அனுப்பினார்கள். தினம் நாற்பது கணக்கு. நூறு தொழிலாளர்கள், ஒரு லாரிக்குப் பதினைந்து பேர், லாரிகள் ஆறு, மீதி பத்துத் தொழிலாளர்கள். ஐம்பது நோயாளிகள், ஓர் ஆம்புலன்ஸுக்கு நான்கு பேர், ஆம்புலன்ஸ்கள் பன்னிரண்டு, மீதி இரண்டு நோயாளிகள். மனிஷா எல்லாவற்றையும் எழுதினாள். பயிற்சித் தாள்களில் வாரம் முழுவதும் விட்டுப்போன ஆட்களைக் கூட்டினால் ஒரு சின்ன எஸ்டேட்டையே நடத்தலாம்.

இரண்டாவது வாரத்தில் அவளுக்குக் கணக்கு தடுமாற ஆரம்பித்தது. வகுப்பில் சாதாரணமாக, பதினேழு நோட்டுப் புத்தகத்தை ஐந்து பேருக்குப் பங்கு வை என்றாலே எழுந்து நின்றுவிடுவாள். முன்பெல்லாம் கேள்வியை முடிப்பதற்குள் விடை சொல்கிற பெண்.

"டீச்சர், இதுக்குக் கரையில நிக்கறவங்கள சேத்துக்கணுமா, வேண்டாமா?" என்று ஒருநாள் கேட்டாள்.

 உட்காரு கண்ணு என்றாள் சுசீலா. மனிஷா உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் எந்தக் கணக்குக்கும் விடை எழுதவில்லை. தப்பாக எழுதியிருந்தால்கூடத் திருத்தியிருக்கலாம். வெறும் தாளை எப்படித் திருத்துவது?

மறுநாள் காலை, கொழுந்து பறிக்கப் போகிற வழியில் மனிஷாவின் அம்மா தெய்வம்மா பள்ளிக்கு வந்தாள். அவளுடைய தாய் தகப்பன் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர்கள். இவள் இந்த எஸ்டேட் லயத்து வரிசை வீட்டிலேயே பிறந்தவள். முதுகில் கூடையோடு வாசலிலேயே நின்று, மகள் என்ன தப்புச் செய்தாள் என்று கேட்டாள். சுசீலா கணக்கைச் சொன்னாள். தெய்வம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, மூன்று பிள்ளைகளைத் தண்ணி ஓரத்தில் தனியாக விட்டுவிட்டு வாத்தியார்மார் படகில் போய்விட்டார்களா, எந்தப் பள்ளிக்கூடம் அது என்றாள். அப்படி யாரும் போகவில்லை, இது வெறும் கணக்கு என்றாள் சுசீலா.

"கணக்குன்னா விட்டுட்டுப் போகலாமாங்க டீச்சர்?" என்று தெய்வம்மா கேட்டாள். எஸ்டேட்டில் வேலைக்குச் சங்கு ஊதியது. பதிலுக்கு நிற்க அவளுக்கு நேரமில்லை.

பரமசிவன் சார் இதையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஓய்வுபெற இன்னும் நான்கு மாதம் இருந்தது. இருபத்தெட்டு வருடமாக எந்தச் சுற்றறிக்கைக்கும் பெறப்பட்டது என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தப்பித்து வந்தவர். மனிஷாவுக்கு ஒரு மதிப்பெண் போனால் ஒன்றும் ஆகாது, உங்கள் மகனுக்கு இன்னும் ஒரு வருடம் அம்மா இல்லாமல் போகும், எழுதிக் கொடுத்துவிடுங்கள் டீச்சர் என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதனால்தான் அது சுசீலாவைக் குத்தியது. அன்று மதியம் அவள் திருத்தக் கடிதத்தை எழுதினாள். மாணவியின் விடை பிழையானது என்ற வரிக்கு வந்தபோது பேனாவை வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்கு முட்டை பரிமாறப் போனாள். திரும்பி வந்து எழுதி முடித்து, மடித்து, கைப்பைக்குள் வைத்தாள்.

அந்த வாரமே மையம் மாவட்டத்து ஆசிரியர்களுக்கு, மீதியை எதிர்கொள்ளல், என்று ஒருநாள் பயிலரங்கம் நடத்தியது. கடிதத்தை அங்கேயே கொடுத்துவிடலாம் என்று சுசீலா முதல் பஸ்ஸில் போனாள். அறுபத்தைந்து ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். ஒரு மேசைக்குப் பத்துப் பேர் என்று ஆறு மேசை போட்டிருந்தார்கள். மேசை எண் எழுதிய அட்டைகளை வாசலில் கொடுத்துக்கொண்டே வந்தவர், அறுபதாவது ஆளோடு நிறுத்திவிட்டார். சுசீலா அறுபத்திரண்டாவது ஆள்.

மிஞ்சிய ஐந்து பேரையும் வராந்தாவில் நிற்கச் சொன்னார்கள். உள்ளே போய் நிற்கலாமா என்று கேட்டதற்கு, மேசை எண் இல்லாதவர்களுக்கு இருக்கை ஒதுக்கீடு இல்லை, நிற்பதற்கும் ஒதுக்கீடு இல்லை என்று சொல்லப்பட்டது. வருகைப் பதிவும் மேசைவாரியாக இருந்தது. மதியச் சாப்பாட்டு டோக்கனும் மேசைவாரியாக வந்தது. வெலிங்டன் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு டீச்சர் பையிலிருந்து தக்காளி சாதத்தை எடுத்து, ஐந்து பேருக்கும் மூடியில் வைத்துக் கொடுத்தார். ஐந்து பேருக்கும் சரியாக வந்தது.

ஜன்னல் கதவு உடைந்திருந்ததால் பேச்சு மட்டும் நன்றாகக் கேட்டது. மையத்தின் முதன்மை வல்லுநர் தரணிதரன் மேடையேறியிருந்தார். விடைக்குறிப்புகளை எல்லாம் எழுதியவர் அவர்தான். சால்வையைச் சரி செய்துகொண்டு, நிதானமாகப் பேசினார்.

"மீதி என்றதும் ஆசிரியர்கள் பதறுகிறீர்கள். அதை எங்கே கொண்டு சேர்ப்பது என்று தவிக்கிறீர்கள். பதற வேண்டாம். மீதி என்பது சேர்ப்பதற்கு அல்ல, குறிப்பதற்கு. மூன்று என்று எழுதிவிட்டால் உங்கள் கடமை முடிந்தது. நான் முப்பது ஆண்டுகளாக இந்தத் துறையில் இருக்கிறேன். எத்தனையோ பள்ளிகளை, எத்தனையோ ஆசிரியர்களை, எத்தனையோ ஆயிரம் குழந்தைகளை மீதியாகக் குறித்திருக்கிறேன். ஒருவர்கூட வந்து என்னிடம் கேட்டதில்லை."

உள்ளே ஆறு மேசையும் கைதட்டியது. வராந்தாவில் யாரும் கைதட்டவில்லை. குளிருக்குக் கையைக் கக்கத்தில் வைத்திருந்தார்கள்.

மாலையில் சுசீலா திருத்தக் கடிதத்தோடு பெறுகைப் பிரிவுக்குப் போனாள். அங்கேயும் மேசை எண் கேட்டார்கள். இல்லை என்றதும், பயிலரங்கத்துக்கு வராதவர்களிடமிருந்து இன்று கடிதம் வாங்குவதில்லை என்றார்கள். காலையிலிருந்து இங்கேதான் நிற்கிறேன் என்றாள். அதற்குப் பதிவு இல்லை என்றார்கள். தோற்றுப்போவதற்காக எட்டு மணி நேரம் குளிரில் நின்ற பெண்ணுக்கு அதுவும் கிடைக்கவில்லை. கிளம்பும்போது அந்த ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்தார்கள். பயிலரங்கில் பங்கேற்காமல் கலந்துகொண்டமைக்காக என்று அதில் அச்சடித்திருந்தது.

பஸ்ஸில் சுசீலா கடிதத்தைப் பிரித்து ஒருமுறை படித்தாள். பிறகு நான்காக மடித்துக் கிழித்துப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டாள். வீரம் ஒன்றும் வந்துவிடவில்லை. கால் வலித்தது, பசித்தது. தான் ஒருநாள் நின்றதற்கே இப்படி இருக்கிறது, மனிஷா இரண்டு வாரமாக நிற்கிறாளே என்று தோன்றியது. அன்றே புதிதாக இன்னொரு விளக்கம் எழுதினாள். மாணவியின் விடை சரியே, இதில் சந்தேகம் இருப்பின் நேரில் சென்று பார்த்தால் விளங்கும் என்று முடித்தாள். கோபத்தில் எழுதிய வரி. பரமசிவன் சார் அதைப் படித்துவிட்டு நீண்ட நேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, அனுப்பலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இருபத்தெட்டு வருடத்தில் அவர் எழுதிய முதல் வேறு வார்த்தை அது.

மையத்தில் அந்த வரியை யாரும் கோபமாகப் படிக்கவில்லை. கோரிக்கையாகப் படித்தார்கள். கள மெய்ப்பிப்பு என்று, நேரில் போய்ச் சரிபார்க்கிற ஒரு திட்டம் கையேட்டில் இருந்தது, யாரும் இதுவரை கேட்டதில்லை. மார்ச் முதல் வாரத்தில் ஆணை வந்தது. வினாவில் கண்டவாறே 35 மாணவர்களைப் பைக்காரா படகு இல்லத்துக்கு அழைத்து வரவும். பள்ளியில் 31 பேர்தான் உள்ளனர் என்று பரமசிவன் பதில் போட்டார். பற்றாக்குறை நான்கு மாணவர்களை அருகிலுள்ள பள்ளியிலிருந்து வரவழைக்கவும், 36 ஆகிவிடாமல் கவனமாக இருக்கவும் என்று மறுபதில் வந்தது. பக்கத்து எஸ்டேட் பள்ளியில் நான்கு பேருக்கு அதிர்ஷ்டம் அடித்தது. பெரியவர்கள் துணைக்கு வேண்டும் என்று தெய்வம்மா ஒருநாள் லீவு போட்டுக்கொண்டு வந்தாள்.

அன்றைக்கு ஏரி மேல் பனி கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்துகொண்டிருந்தது. பிள்ளைகளில் பாதிப் பேர் நடுவட்டத்திலிருந்து பஸ்ஸில் போகும்போது இதே ஏரியைப் பார்த்திருக்கிறார்களே தவிர இறங்கியதில்லை. தரணிதரனும் ரமேஷ்குமாரும் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். கையில் கோப்பு, விசில், நான்கு படகுக்கான அனுமதி. கரையில் நிற்கப்போகும் மூவரை எப்படித் தெரிவு செய்வது என்று மையம் மூன்று பக்கத்துக்கு அளவுகோல் வகுத்திருந்தது. உயரம், எடை, கற்றல் நிலை எல்லாவற்றையும் பரிசீலித்து, கடைசியில் அகர வரிசை என்று முடிவாகியிருந்தது. முதல் பெயர் அஸ்வந்த். கடைசி மூன்று பெயர்கள் மனிஷா, ராஜப்ரியா, ஸ்ரீமதி. மூவர் சட்டையிலும் மீதி என்று எழுதிய அட்டையை ரமேஷ்குமார் குனிந்து குத்தினார். ஒன்றாம் வகுப்பு ஸ்ரீமதி தனக்குப் பரிசு கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்து எல்லோரிடமும் காட்டினாள். மனிஷா காட்டவில்லை. அட்டையைக் கையால் மூடிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள்.

எட்டெட்டாக வரிசை நிற்கத் தொடங்கியபோது, உயிர்காப்பு அங்கிகளைத் தூக்கிக்கொண்டு படகுக்காரர் செல்லதுரை வந்தார். வரிசையைப் பார்த்துவிட்டு, பெரியவர்கள் எங்கே என்று கேட்டார். சின்னப் பிள்ளைகளை மட்டும் படகில் அனுப்ப முடியாது, ஒவ்வொரு படகிலும் கூட வந்த பெரியவர் ஒருவர் உட்கார வேண்டும் என்றார். தரணிதரன் வினாவில் பெரியவர்கள் குறிப்பிடப்படவில்லை என்றார். செல்லதுரை வினா என்ன என்று கேட்கவில்லை. அங்கியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

ரமேஷ்குமார் கோப்பின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். ஒரு படகில் ஒரு பெரியவர் என்றால் ஏழு பிள்ளைகள். நான்கு படகில் இருபத்தெட்டு. கரையில் ஏழு.  தரணிதரன் பக்கம் குனிந்து, "சார், மீதி பெருகுதுங்க," என்றார்.

"எட்டால் வகுத்தால் ஏழுவரை மீதி வரலாம், ஏற்புடையதுதான்," என்றார் தரணிதரன். ஆனால் அவரும் வரிசையை இன்னொரு முறை எண்ணினார்.

ரமேஷ்குமார் பெட்டியிலிருந்து இன்னும் நான்கு அட்டைகளை எடுத்தார். வரிசையிலிருந்து அகர வரிசைப்படி நான்கு பிள்ளைகள் பின்னால் இழுக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருத்தி, பக்கத்து எஸ்டேட்டிலிருந்து கடன் வாங்கி வந்த பெண், சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள்.  அதுவரைக்கும் சுசீலாவின் மனதில் மே மாதம் இருந்தது, அவிநாசி இருந்தது. அழுத பெண்ணின் முகத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவையெல்லாம் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தன. அட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ரமேஷ்குமார் கையில் கொடுத்தாள். அவர் மறுக்காமல் வாங்கிக்கொண்டார். பிறகு அவள் செல்லதுரையிடம் இன்னொரு படகு இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றார். பெரியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினாள். அவள், பரமசிவன் சார், தெய்வம்மா, ரமேஷ்குமார். நான்கு பேர். ஐந்தாவது ஆள் சால்வையோடு கரையில் நின்றுகொண்டிருந்தார்.

"ஏனுங்க சார், நீங்க ஏறலீன்னா இந்த ஏழு புள்ளைங்களும் கரையிலயே நிக்கோணும். ஏறிக்குங்க," என்றாள் சுசீலா.

ஐந்தாவது படகு விடைக்குறிப்பில் இல்லை என்று தரணிதரன் சொன்னார். அவர் குரல் மேடையில் கேட்டது போல இல்லை. முப்பத்தைந்து பிள்ளைகளும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பது வருடத்தில் யாரும் வந்து கேட்டதில்லை என்றாரே, இப்போது ஏழு பேர் எதுவும் கேட்காமல் எதிரில் நின்றார்கள். செல்லதுரை ஒரு அங்கியை எடுத்து அவர் தலை வழியாக மாட்டி, சால்வைக்கு மேலேயே வாரை இழுத்துக் கட்டிவிட்டார்.

ஐந்து படகும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. சுசீலாவின் படகு நான்காவது. கடைசிப் படகு சத்தம் கேட்கிற தூரத்திலேயே வந்தது. அதில் மனிஷாவும் ராஜப்ரியாவும் ஸ்ரீமதியும் மற்ற நால்வரும், நடுவில் ஆரஞ்சு அங்கியோடு முதன்மை வல்லுநரும் இருந்தார்கள். படகு திரும்பும்போது தண்ணீர் சிதறி அவர் கண்ணாடியில் விழுந்தது. ஸ்ரீமதி தன் பாவாடையால் அதைத் துடைத்துக் கொடுத்தாள். அவர் தேங்க்ஸ் என்றது சுசீலாவுக்கே கேட்டது.

"சார், இது எத்தனாவது படகுங்க சார்?" என்று மனிஷா கேட்டாள். குறும்பு எதுவும் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

தரணிதரன் முன்னால் போகிற படகுகளை எண்ணினார். நெடுநேரம் எண்ணினார். "நான்கு படகு," என்றார். பிறகு தான் உட்கார்ந்திருந்த பலகையைக் கையால் பிடித்துக்கொண்டு, "மீதி, ஒரு படகு," என்றார்.

கள மெய்ப்பிப்பு அறிக்கை பன்னிரண்டு பக்கம் வந்தது. முப்பத்தைந்தை ஏழால் வகுக்க ஐந்து கிடைத்தது, மீதி எதுவும் இல்லை. மீதி இல்லாத இடத்தில் மீதியைப் பற்றிய சர்ச்சைக்கு இடமில்லை. ஆகவே விடைக்குறிப்பும் சரி, மாணவியும் சரி, ஏரி மட்டும் வினாவோடு ஒத்துப்போகவில்லை என்று முடித்திருந்தார்கள். ஏரிக்கு எந்த விளக்கமும் கேட்கப்படவில்லை. சுசீலாவின் கோப்பு மூடப்பட்டது. இடமாறுதல் பட்டியலில் அவள் பெயர் வந்துவிட்டதாக ரமேஷ்குமாரே போன் செய்து சொன்னார். தன் மூத்த மகளுக்கும் அவர் அந்தக் கணக்கைக் கொடுத்துப் பார்த்தாராம், ஐந்து என்றாளாம், தட்டிக் கொடுத்தாராம். அதை வெளியில் சொல்லிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

சுசீலாவுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஒரு கவலை மட்டும் ஏப்ரல் வரை போகவில்லை. படகில் போய்வந்த பிறகு மனிஷா சிரிக்கிறாள், ஓடுகிறாள், கணக்கு நோட்டில் மட்டும் மீதி வருகிற கணக்குகளைத் தாண்டித் தாண்டி எழுதுகிறாள். நீயே யோசித்து எழுது என்று சுசீலா ஒருமுறை சொன்னாள். மனிஷா தலையாட்டினாள். அதற்கு மேல் சொல்லச் சுசீலாவுக்கும் துணிவில்லை. இந்த முறை விடைக்குறிப்பில் என்ன இருக்கும் என்று அவளுக்கே தெரியாது.

முழுஆண்டுத் தேர்வில் மறுபடி ஒரு கணக்கு வந்தது. எஸ்டேட் தொழிலாளர்கள் 50 பேர் மருத்துவ முகாமுக்குச் செல்கின்றனர். ஒரு வேனில் 12 பேர் செல்லலாம். எத்தனை வேன்கள் தேவை? அன்று மாலை சுசீலா விடைத்தாள்களில் மனிஷாவின் தாளைக் கடைசியில் வைத்துவிட்டு மற்றதையெல்லாம் திருத்தினாள். பிறகு எடுத்தாள். கணக்கைத் தாண்டவில்லை. வகுத்தலை ஒழுங்காகச் செய்து, அதன் கீழே இரண்டு வரி எழுதி, இரண்டுக்கும் அடிக்கோடு போட்டிருந்தாள்.

திருத்துகிறவர்களுக்கு: 4, மீதி 2.

போகிறவர்களுக்கு: 5.